ரிச்மண்டிலிருந்து ஒரு கட்டுரைப் போட்டிக் கதை

அன்புள்ள தோழிக்கு,

உன் நீளமான குரல்பதிவைச் சமைத்துக்கொண்டே கேட்டேன். நீ நடுவராகப் போன கட்டுரைப் போட்டியில் டீச்சர் எழுதிக் கொடுத்ததை எல்லாப் பிள்ளைகளும் வரி மாறாமல் ஒப்பித்து எழுதிவைத்துவிட்டார்கள், முதல் பரிசை யாருக்கென்று கொடுப்பது என்று நீ தலையில் அடித்துக்கொண்ட இடத்தில் சிரித்துவிட்டேன். நாமும் அப்படித்தானேடி வளர்ந்தோம்? முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள், கடைசியில் ஒரு எவர்சில்வர் தட்டு. இந்த மாதம் எனக்கும் அதே வேலைதான் வாய்த்தது, அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன்.

இங்கே அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம் இல்லையா, எங்கள் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள், படித்து மதிப்பெண் போட என்னையும் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் கொஞ்சம் விசேஷம். கார்ட்டர் வுட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1926 பிப்ரவரியில் 'நீக்ரோ வரலாற்று வாரம்' என்று ஆரம்பித்ததுதான் 1976இல் முழு மாதமாயிற்று, ஆக இது நூறாவது வருஷம். வுட்சன் எங்கள் ரிச்மண்ட் இருக்கும் இதே வர்ஜீனியா மாநிலத்துக்காரர், அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போனார், 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்! லிங்கன் பிறந்த நாள் பிப்ரவரி 12, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸுக்குக் கொண்டாடுவது 14, இரண்டையும் மக்கள் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்ததால் அந்த வாரத்தையே பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரர்.

சரி, கட்டுரைகளுக்கு வருகிறேன். பாதிக்கு மேல் மார்ட்டின் லூதர் கிங். தப்பில்லை, ஆனால் அவர் பிறந்தார், கனவு கண்டார், சுடப்பட்டார், ஆகவே நாம் ஒற்றுமையாக இருப்போம் என்று அடுத்தடுத்துப் படித்ததில் எது எந்தப் பிள்ளை எழுதியது என்றே தெரியாமல் போயிற்று. உன் ஒப்பிக்கும் கோஷ்டி இங்கேயும் உண்டு என்று தெரிந்துகொள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை இந்த மண்ணைப் பற்றி, பக்கத்துத் தெருவைப் பற்றி எழுதியவைதான்.

ஒரு பையன் ஹென்றி 'பாக்ஸ்' பிரவுனைப் பற்றி எழுதியிருந்தான். அவர் இந்த ரிச்மண்டில் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அடிமை. மனைவியையும் பிள்ளைகளையும் வட கரோலினாவுக்கு விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு, 1849 மார்ச்சில், தன்னை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடிக்கச் சொல்லி, அடிமை முறை இல்லாத ஃபிலடெல்பியாவுக்குப் பார்சலாகப் போனார். இருபத்தாறு, இருபத்தேழு மணி நேரம். 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தும் வழியில் தலைகீழாக வைத்துவிட்டார்கள். பையன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா, அதே மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலத்துக்கு அட்டைப்பெட்டி தேடிப்பிடித்து உள்ளே உட்கார்ந்து, அக்காவை மூடச் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்திலேயே முழங்கால் மரத்துப்போய், வெளியே வந்து தண்ணீர் குடித்தேன் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில், "அவரால் வெளியே வர முடியவில்லை". அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, ஏழாம் வகுப்புப் பெண் எழுதியது. அவள் பாட்டி இதே மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிக்காரர், கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அங்கே ஃபார்ம்வில் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த மோட்டன் பள்ளி 180 பேருக்குக் கட்டியது, படித்ததோ 450 பேர். மீதிப் பேருக்குத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகை, மழை பெய்தால் வகுப்புக்குள் குடை. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், ஒரு பொய்ப் போன் வரவைத்துத் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, எல்லோரையும் அரங்கத்தில் கூட்டி வகுப்புப் புறக்கணிப்பு அறிவித்தாள். அது வழக்காகி, 1954இல் இனம் பிரித்துப் பள்ளி நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பில் (இது வேறு பிரவுன்) சேர்ந்துகொண்டது. இது வரை பலருக்கும் தெரியும். பெண் எழுதியது அதற்குப் பிறகு நடந்ததை. சேர்த்துப் படிக்கவைப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959இல் அந்தக் கவுண்டி தன் பொதுப்பள்ளிகளை எல்லாம் பூட்டிவிட்டது, ஐந்து வருஷம்! வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயார். கறுப்பினப் பிள்ளைகள் சிலர் வெளியூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள், பலர் புகையிலை வயலுக்கு. 1964இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திறந்தார்கள். திறந்தபோது பாட்டிக்கு வகுப்பில் உட்காரவே கூச்சமாக இருந்ததாம், அத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில்.

நான் இவளுக்குத்தான் முதல் பரிசு என்றேன். என்னோடு மதிப்பெண் போட்ட ஒருவர் எழுத்துப்பிழை, மேற்கோள் குறைவு என்று பிடிவாதம் பிடித்தார், கடைசியில் பெட்டிப் பையனுக்கு முதல், இவளுக்கு இரண்டாவது என்று முடிந்தது. பையன் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் பள்ளியைப் பூட்டிய கதையில் எழுத்துப்பிழை பார்க்கிறார்களே என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

பரிசளிப்பு அன்று சிறப்பு விருந்தினர் நம்மூர் மாதிரியேதான், பேசினார், பேசினார், ஒரு கட்டுரையைக்கூடப் படிக்காமல் வந்திருந்தது நன்றாகவே தெரிந்தது. நூலகத்துக்காரப் பெண் செய்தது மட்டும் எனக்குப் பிடித்தது: சான்றிதழ் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தான் எழுதியதில் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், மதிப்பெண் போட்ட எங்களில் ஒருவர் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த ஏழாம் வகுப்புப் பெண், பள்ளியைப் பூட்டிய இடத்தில், "என் பாட்டிக்கு அப்போது ஏழு வயது" என்று வாசித்ததும் முன்வரிசையிலிருந்து, "எட்டு!" என்று ஒரு குரல். பாட்டியேதான். அரங்கமே சிரித்தது. பெண் பேனாவை எடுத்து அங்கேயே அடித்துத் திருத்திவிட்டு, மேலே வாசித்தாள். அந்தத் திருத்தத்தோடு கூடிய தாளையே உள்ளூர் வரலாற்றுக் கோப்பில் வைக்கப்போகிறார்களாம்.

நீ அடுத்த தடவை நடுவராகப் போனால் தலைப்பைக் கொடுக்கும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொள். காந்தி, கலாம் எல்லாம் வேண்டாம், அவரவர் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர் யார், போக முடியாமல் நின்றவர் யார் என்று கேள். டீச்சரால் எழுதிக் கொடுக்க முடியாது பார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் தேதி குறித்ததும் உடனே சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி