குட்டியைக் கொடுப்பதில் ஏன் இத்தனை அவசரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தெருவில் மீட்ட நாய், பூனைகளைத் தத்தெடுக்க வாசகர்களை அழைத்திருந்த உங்கள் கட்டுரை நல்ல முயற்சி. ஆனால், ‘எவ்வளவு சீக்கிரம் ஒரு வீட்டில் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது’ என்று அதில் வந்த வரியை மறுக்க வேண்டியிருக்கிறது. மீட்புப் பணியில் இருக்கும் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். மீட்ட குட்டிகள் பல செத்துப்போவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

நாய்க்குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தரும் பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்தபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். சில குட்டிகளில் 14 நாள்வரை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை தத்து முகாமில் துள்ளிய குட்டி வியாழக்கிழமை ரத்தமாகக் கழிகிறது. அதற்குள் அந்த வீட்டுத் தரை, மிதியடி, வாசல் எங்கும் கிருமி பரவிவிடும். அது மாதக்கணக்கில் சாகாது. அந்த வீட்டுக்கு அடுத்து வரும் தடுப்பூசி போடாத குட்டியையும் பிடிக்கும். பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியாவும் இதே குடும்பத்து வைரஸ்தான். ஆகவே மீட்ட குட்டியை வீட்டுக்குக் கொடுக்குமுன் 14 நாள் மற்ற விலங்குகளிடமிருந்து தனிமையில் வைப்பது குறைந்தபட்சம். நாய்களைத் தாக்கும் இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பருக்கு அதுவும் போதாமல் போகலாம்: சளி தெளிந்து சில வாரம் கழித்துக்கூட வலிப்பு வரும்.

தனிமை என்றால் வராந்தா மூலையில் கட்டிப்போடுவதல்ல. தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம், அந்த அறைக்கென்று ஒரு செருப்பு. ஏற்கெனவே இருக்கும் விலங்குகளை முதலில் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் புதுவரவைத் தொட வேண்டும். சுத்தம் செய்யப் பலரும் பினாயிலை எடுக்கிறார்கள். அது பார்வோவை நம்பகமாகக் கொல்லாது. பூனைக்கோ சில வகைப் பினாயிலில் உள்ள பீனால் விஷம். சோப்புத் தண்ணீரால் கழிவு முழுவதையும் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். கழுவாமல் ஊற்றினால் அழுக்கே பிளீச்சைத் தின்றுவிடும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

‘ஊசி போட்டாச்சு’ என்று முகாமில் சொன்னால் எத்தனையாவது ஊசி என்று கேளுங்கள். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி, ஊசி மருந்தையே செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இத்தனை தவணை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இல்லாத அட்டை வெறும் அட்டைதான்.

பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு நிறையச் சோறு போடுவதுதான் அடுத்த தவறு. சோற்றிலுள்ள மாவுச்சத்து இன்சுலினைத் திடீரென உயர்த்த, ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும்; இதயமும் மூச்சும் தளரும். ‘நன்றாகச் சாப்பிட்டது, மறுநாள் செத்துவிட்டது, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்’ என்று சொல்லப்படும் சாவுகளில் சில இப்படியும் நேர்ந்திருக்கும். 10 கிலோ நாய்க்கு ஓய்வில் நாளொன்றுக்குச் சுமார் 400 கலோரி தேவை. முதல் நாள் அதில் கால்பங்கு போதும்: ஒரு அவித்த முட்டையும் மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி இரண்டு சிறு துண்டும், அதையும் 4 முதல் 6 வேளையாகப் பிரித்து. 4, 5 நாளில் முழு அளவுக்கு வரலாம். எலும்பும் தோலுமாக இருந்தால் வீட்டில் வைத்து முயலாமல், ரத்தப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரி. பூனைக்கு வேறு ஆபத்து. கொழுத்த வீட்டுப்பூனையை யாராவது கைவிட, அது 2, 3 நாள் சாப்பிடாமலிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைக்கத் தொடங்கும். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று விடவே கூடாது.

சொறிநாய்க்குக் கழிவு ஆயில், மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தோலும் வெந்து, நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தப் பூச்சி என்று தெரிந்துவிடும். சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சி மனிதருக்கும் அரிப்பு தரும், டெமோடெக்ஸ் என்ற பூச்சி தராது. இரண்டுக்கும் இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. நாய்க்கான உண்ணி மருந்து என்று பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததைப் பூனைமேல் தடவினால் வலிப்பு வந்து சாகவும் கூடும். காய்ச்சலுக்கு என்று கொடுக்கும் ஒரேயொரு பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையும் பூனையைக் கொல்லும்.

கண் திறக்காத பூனைக்குட்டிகளைப் பார்த்ததும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரைதேடப் போயிருக்கலாம். எறும்பு மொய்த்தாலோ உடம்பு சில்லிட்டிருந்தாலோ தவிர, சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலால் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது. பசும்பால் கழிச்சல் தரும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பொடிதான் சரி. மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும், ஆகவே குப்புறப் படுத்த நிலையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுத்தபின்னும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும்.

இவ்வளவும் செய்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, முதல் சில நாளில் ஓடிப்போகும் நாய்கள் பல. கழுத்துப்பட்டை பின்வாக்கில் நழுவும். மார்புப்பட்டையும் சேர்த்து மாட்டி, இரண்டு கயிறாகப் பிடிப்பது நல்லது. பூனைக்கு முதலில் ஒரே ஒரு அறை, ஜன்னலில் வலை. தத்து ஒப்பந்தத்தில் கருத்தடை செய்யும் தேதியும், வளர்க்க முடியாவிட்டால் கொடுத்தவரிடமே திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கட்டும். பசி தாகத்தில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு என்று 22.8.2025 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

உங்கள் இதழில் தத்துக்கான படங்களை இனியும் வெளியிடுவதென்றால், ஒவ்வொரு படத்துக்கும் கீழே வயது, தனிமையில் இருந்த நாள்கள், ஊசி போட்ட தேதிகள், கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். இவற்றைத் தர முடியாதவர்கள் அனுப்பும் படத்தை நிறுத்திவையுங்கள்.

— வாசகர், திருச்சி