தீயணைப்புப் பயிற்சி தமிழிலும் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் வாழும் நான் சென்ற ஆண்டு மூன்று மாதங்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவர்கள் இருப்பது ஒரு சிற்றூர். அங்குள்ள தீயணைப்பு நிலையத்தில் சம்பளம் வாங்கும் வீரர் ஒருவர்கூட இல்லை என்று மகள் சொன்னபோது, ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். ஒரு நாள் பிற்பகல் மருமகனோடு இரும்புச் சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, நிலையத்தின் கூரையிலிருந்து சங்கு ஊதியது. கல்லாவில் இருந்தவர் எங்கள் ஆணிப் பொட்டலத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, காசை நாளைக்குத் தரலாம் என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார். அவருடைய சொந்தக் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் நீல விளக்கு மின்னியது. அந்த மாநிலத்தில் அது தொண்டூழியத் தீயணைப்பாளருக்கான விளக்கு என்று மருமகன் விளக்கினார். கடை திறந்தபடியே கிடந்தது.

அமெரிக்கத் தீயணைப்பாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இப்படிப்பட்ட தொண்டூழியர்கள்தாம். இந்த வழக்கம் அதே மாநிலத்தின் பிலடெல்ஃபியா நகரில் 1736ஆம் ஆண்டு பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர்களைச் சேர்த்துத் தொடங்கிய குழுவிலிருந்து வருகிறது. தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளி வருவதற்கான பைகளையும் உறுப்பினர்கள் தாங்களே தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

என் கவனத்தை ஈர்த்தது தீயணைப்பு மட்டுமன்று. அந்த நிலையத்தார் மழை வெள்ளம் புகுந்த நிலவறைகளிலிருந்து நீரை இறைத்துக் கொடுத்தார்கள். தனியாக வாழும் முதியவர் கட்டிலிலிருந்து விழுந்தால் போய்த் தூக்கி உட்கார வைத்தார்கள். புகை உணர் கருவிகளை வீடு வீடாக எடுத்துச் சென்று பொருத்தினார்கள். செலவுக்குப் பணம் திரட்ட, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பலகாரக் கடை போட்டார்கள். தின்ன வந்த சிறுவர்களின் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்துப் பீய்ச்சச் சொன்னார்கள். எண்பது வயது மூதாட்டி ஒருவருக்கு, எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் இளைஞர் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த முறையும் தளர்ந்து வருகிறது. 1970களில் பென்சில்வேனியாவில் மூன்று லட்சம் அளவில் இருந்த தொண்டூழியத் தீயணைப்பாளர்கள் 2018ஆம் ஆண்டின் சட்டமன்றக் குழு அறிக்கையின்படி ஏறத்தாழ 38,000ஆகக் குறைந்துவிட்டார்கள். வேலை தேடி வெளியூர் போகும் இளையர் நடுப்பகலில் சங்கு கேட்டு ஓடி வர முடியாது. அடுக்குமாடிகளில் அடர்ந்து வாழும் நமக்கு முழுநேரப் படையே பொருத்தம். 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பம் (கிராமக் குடியிருப்பு) எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்த கதையை என் தந்தை பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நிலையிலிருந்து தீயணைப்பையும் மீட்பையும் கவனிக்கும் இன்றைய குடிமைத் தற்காப்புப் படை வரை நாம் வந்திருக்கும் தொலைவு சிறிதன்று.

ஆனால் படை நன்றாக இருப்பதாலேயே நாம் சற்று அசட்டையாகிவிட்டோமோ என்று தோன்றுகிறது. முழுமைத் தற்காப்பு தினமான பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறோம். அவசர எண்ணான 995ஐ அழைத்தால் வண்டி வந்துவிடும் என்பது உண்மை. வண்டி வந்து சேருவதற்கு முந்தைய சில நிமிடங்கள் வீட்டில் இருப்பவருடையவை, எதிர்வீட்டுக்காரருடையவை.

இதை என் வீட்டுச் சமையலறையிலேயே கற்றுக்கொண்டேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்தைய வாரம், முறுக்குச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மனைவி தொலைபேசியில் பேசப் போனார். எண்ணெய் தீப்பிடித்தது. படித்தவன் என்று பெயர் வாங்கிய நான் குளியலறைக்கு ஓடி ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கூச்சல் கேட்டு எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தின் மகன் உள்ளே வந்தான். உயர்நிலைப் பள்ளி மாணவன், தேசியக் குடிமைத் தற்காப்பு மாணவர் படையில் இருந்தவன். “அங்கிள், தண்ணீர் வேண்டாம்!” என்று கத்தியபடி என்னை விலக்கி, கேஸை அணைத்து, இட்லிப் பானையின் மூடியை எடுத்துச் சட்டியை மூடினான். தீ அடங்கியது. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் அது எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும் என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அலமாரிக் கதவில் அன்று படிந்த கரி இன்னும் இருக்கிறது. சாயம் பூச வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டார்.

அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் வட்டாரத்தில் நடந்த அவசரகால ஆயத்தப் பயிற்சி ஒன்றுக்குச் சென்றேன். பயிற்றுவித்தவர் திறமையானவர், குறை அவரிடம் இல்லை. விளக்கம் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் நடந்தது. பின்வரிசையில் நான்கு தமிழ்ப் பாட்டிமார் சிரித்த முகத்தோடு அமர்ந்திருந்தார்கள். ஒருவர் என் பக்கம் சாய்ந்து, “தம்பி, அவர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டார். தெரிந்தவரை மொழிபெயர்த்தேன். கீழ்த்தளத்தில் தீயணைப்பானைத் தொட்டுப் பார்க்கும் நேரம் வந்தபோது, பாட்டி ஒரு கையால் கைப்பிடியை இறுக்கி அழுத்திக்கொண்டே மறு கையால் அதன் பாதுகாப்பு ஊசியை இழுத்தார். கைப்பிடியை அழுத்தினால் ஊசி சிக்கிக்கொள்ளும், வெளியே வராது. “பாட்டி, பிடியைத் தளர்த்திவிட்டு ஊசியை முறுக்கி இழுங்கள், பிறகு அழுத்துங்கள்” என்று தமிழில் சொன்னேன். மறுமுறை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மற்ற மூவரும் முயன்று பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது; அன்பளிப்புப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அந்தப் பாட்டிமாரின் வீடுகளோ அதற்கு முன்பே கட்டப்பட்டவை. சாமி அறையில் காலையும் மாலையும் விளக்கு எரியும் வீடுகளும்கூட. கருவி இருந்தாலும், அது அலறும்போது கதவைச் சாத்திவிட்டு வெளியேற வேண்டும், புகையில் குனிந்து போக வேண்டும் என்பதை யாராவது அவர்களுக்குப் புரியும் மொழியில், கையைப் பிடித்துச் சொல்லித் தர வேண்டும்.

நம்மவருக்கு உதவும் மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீ மூண்டபோது, அருகே வேலை செய்துகொண்டிருந்த இந்திய, பங்ளாதேஷ் ஊழியர்கள் சாரத்தையும் ஏணியையும் கொண்டு ஏறி, உள்ளே சிக்கிய பிள்ளைகளை இறக்கினார்கள். அவர்களுக்குக் கையில் தொழில் இருந்தது; சாரம் கட்டுவது அன்றாட வேலை. மற்றவர்களுக்கும் கையில் ஏதாவது ஒன்று பழகியிருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் ஆண்டுதோறும் பொங்கல், தீபாவளி விழாக்களை நடத்துகின்றன. கோலப் போட்டிக்கும் உறியடிக்கும் இடம் ஒதுக்குவதைப் போல, குடிமைத் தற்காப்புப் படையின் ஒப்புதலோடு, தமிழில் விளக்கும் ஒரு மேசைக்கும் ஒரு பயிற்சித் தீயணைப்பானுக்கும் இடம் ஒதுக்கலாம். கோயில்களில் அன்னதானச் சமையலுக்கு நிற்கும் தொண்டூழியர்களுக்கு இந்தப் பயிற்சி முதலில் கிடைக்க வேண்டும். அத்தனை பெரிய எண்ணெய்ச் சட்டிகள் வேறு எங்கும் கொதிப்பதில்லை. படையின் சீருடைத் தொண்டூழியப் பிரிவில் தமிழ் பேசும் இளையர் கூடுதலாகச் சேர்ந்தால் இதெல்லாம் எளிதாகும். சேர இயலாதவர்கள் ‘மைரெஸ்பாண்டர்’ செயலியையாவது பதிவிறக்கலாம். 2015 முதல் இயங்கும் அந்தச் செயலி, அருகில் எவருக்காவது இதயத் துடிப்பு நின்றுபோனாலோ சிறு தீ மூண்டாலோ தகவல் தருகிறது.

எங்கள் வட்டாரச் செயற்குழு வரும் பொங்கலுக்கு அப்படி ஒரு மேசை போடுமானால், மொழிபெயர்க்க நான் வருகிறேன். அந்த நான்கு பாட்டிமாரையும் அழைத்து வருகிறேன். மூவர் இன்னும் ஊசியை இழுத்துப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்