கப்பலிலிருந்து இறக்கும் நுரைத் திரவம் எங்கே போகும்?

வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் பணிப்பாளர் நாயகத்துக்கும், கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையின் தலைவருக்கும்,

வணக்கம்.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸுக்கு 2023இல் ஏற்கப்பட்ட திருத்தத்தின்படி, பி.எஃப்.ஓ.எஸ். என்னும் புளோரின் சேர்ந்த இரசாயனம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கலந்த தீயணைப்பு நுரையைக் கப்பலில் பயன்படுத்தவோ சேமித்து வைக்கவோ கூடாது. புதிய கப்பல்களுக்கு இது 2026 ஜனவரி 1 முதலும், பழைய கப்பல்களுக்கு அத்திகதிக்குப் பின் வரும் முதலாவது பரிசோதனையுடனும் பொருந்தும். அகற்றிய திரவத்தைத் தகுந்த கரையோர வசதியில் ஒப்படைக்கவேண்டும் என்பதும் அதே விதிதான். காங்கேசன்துறையில் அந்த வசதி எது என்பதைத் தாங்கள் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

கப்பலின் பரிசோதனைச் சான்றிதழில் கையொப்பமிடுபவர் எந்த நாட்டவராயினும், பீப்பாய் இறங்குவது கப்பல் கட்டியிருக்கும் துறைமுகத்தில்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கும் மழைநீரே நமது கிணறுகளின் ஊற்று. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் வந்தபோது, வாளியில் அள்ளிய தண்ணீரில் படலத்தையாவது மக்கள் கண்டார்கள், மணத்தையாவது உணர்ந்தார்கள். பி.எஃப்.ஓ.எஸ். அப்படிக் காட்டிக்கொடுக்காது, கொதிக்கவைத்தாலும் போகாது, மண்ணில் சிதையாது, உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். 2005இல் இலங்கை ஏற்றுக்கொண்ட எளிதில் சிதையாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலில் 2009இலேயே இது சேர்க்கப்பட்டது.

கப்பலுக்கு நுரை வேண்டாம் என்பது என் வாதமல்ல. எரிபொருள் பற்றினால் தண்ணீர் மட்டும் போதாது. 2020இல் நியூ டயமண்ட், 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என நம் கடலிலேயே கப்பல்கள் எரிந்ததைப் பார்த்தோம். ஆகவே மாற்றும் வேலை அவசரமாகவும் அரைகுறையாகவும் நடந்துவிடக்கூடாது. புளோரின் இல்லாத புதிய நுரை பெரும்பாலும் தடிப்பானது. நுரைத் திரவத்தைத் தண்ணீருடன் கலக்கும் பழைய கருவிக்கு அது பொருந்துமா என்று உறுதிசெய்யாமல் தாங்கிக்குள் ஊற்றினால், நெருப்பு நேரத்தில் சரியான விகிதத்தில் நுரை வராது. தாங்கியையும் குழாய்களையும் கழுவாமல் விட்டால், எஞ்சிய பழைய திரவம் புதியதையும் கெடுத்துவிடும். கழுவிய தண்ணீரும் அதே நஞ்சுக் கழிவுதான், கடலில் விடத்தக்கதல்ல.

பெரிய தாங்கியை எல்லோரும் பார்ப்பார்கள். இயந்திர அறை மூலையில், நுரை பீய்ச்சும் கருவிக்குப் பக்கத்தில் நிற்கும் 20 லீற்றர் கலன்தான் தப்பிவிடும். எண்ணெய்க் கை பட்டுப்பட்டு அதன் லேபிளில், தண்ணீருடன் கலக்கும் அளவான 3 வீதம் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அத்தகைய கலனுக்கும் உற்பத்தியாளரின் எழுத்துமூல உறுதியோ ஆய்வுகூட அறிக்கையோ கேட்கப்படவேண்டும். விற்பனை முகவரின் வாய்ச்சொல்லை ஏற்கவேண்டாம்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் படகுகள் உள்நாட்டுப் பயணம் என்பதால் சோலாஸுக்குள் வராது. அவற்றின் நுரை அணைப்பான்களையும் இதே அளவுகோலால் சோதிக்குமாறு வேண்டுகிறேன்.

நாட்டுக்குள் அழிக்கும் வசதி இல்லையெனில், மூடிய பீப்பாய்களில், கசிவு தாங்கும் தொட்டிக்குள், கூரையின் கீழ் வைத்து, ஏற்றி அனுப்பும்வரை ஒவ்வொரு லீற்றரையும் பதிவேட்டில் எழுதவேண்டும். அந்தப் பதிவேட்டைப் பிரதேச சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பார்வையிட அனுமதியுங்கள். முகவர்களுக்கும் படகுக்காரருக்குமான அறிவுறுத்தலைத் தமிழில் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
கப்பல் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற காரைநகர்வாசி