ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: வெள்ளிக்கிழமை வாசிப்பு பற்றி

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் மூன்று பேர் என் அறைக்கு வந்திருந்தீர்கள். கத்தியும் சிகரெட்டும் வருகிற ஒரு அமெரிக்க நாவலை, அதுவும் தேர்வுக்கு வராத ஒன்றை, பிள்ளைகளுக்கு ஏன் படித்துக்காட்டுகிறீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மூன்று பேரிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிடுவதே முறை.

நாவலின் பெயர் ‘தி அவுட்சைடர்ஸ்’. 1967-இல் வெளிவந்தது. எழுதிய எஸ்.இ. ஹிண்டன், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துப் பள்ளி மாணவி. 15 வயதில் எழுதத் தொடங்கினார். புத்தகம் அச்சாகி வந்தபோது அவருக்கு 18 வயது. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் அஞ்சினார்கள். அதனால் சூசன் என்ற பெயர் அட்டையில் வெறும் முதலெழுத்தாக நின்றுவிட்டது. சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்துபோன நண்பன் ஒருவனைச் சிலர் அடித்துப்போட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் அவர் எழுத உட்கார்ந்தார். எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில் பள்ளியில் படைப்பிலக்கியப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது ‘டி’ என்ற மோசமான தரம். எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை.

கதை இதுதான். ஊரின் கிழக்கே ஏழை வீட்டுப் பையன்கள். நீளமான முடியில் எண்ணெய் பூசிக்கொள்வதால் ‘கிரீசர்கள்’. மேற்கே பணக்கார வீட்டுப் பையன்கள், அவர்கள் ‘சோஷ்கள்’. கதை சொல்லும் போனிபாய்க்கு 14 வயது. பெற்றோர் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். 20 வயது அண்ணன் டாரி கல்லூரிக் கனவை விட்டுவிட்டுக் கூரை வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காக்கிறான். ஏதாவது வம்பில் மாட்டினால் அரசு தம்பிகளை விடுதிக்கு அனுப்பிவிடும் என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. ஒருநாள் இரவு போனிபாய் நேரம் கழித்து வீடு திரும்புகிறான். தூங்காமல் விழித்திருந்த அண்ணன், பயமும் கோபமுமாக ஒரே ஒரு அறை விடுகிறான். பையன் வீட்டைவிட்டு ஓடுகிறான். அன்றிரவே பூங்காவில் ஒரு கொலை நடந்துவிடுகிறது.

அந்த ஒரு அறையைப் பற்றிப் பெற்றோர்களாகிய உங்களோடு உட்கார்ந்து பேச விரும்புகிறேன். டாரி கெட்டவனில்லை. தம்பி மீது உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அது தம்பிக்குத் தெரியவில்லை. தெரியவைக்கவும் இவனுக்கு வரவில்லை.

எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் மூன்று இளைஞர்கள் இறக்கிறார்கள். கத்திக்குத்து உண்டு, குடி உண்டு. அமெரிக்காவிலேயே சில இடங்களில் இந்தப் புத்தகத்துக்குப் பெற்றோர் எதிர்ப்பு எழுந்திருக்கிறது. ஆனால் சண்டையை வீரமாகக் காட்டும் புத்தகம் அல்ல இது. பூங்காவில் குத்தியவன் போனிபாயின் நண்பன் ஜானி. வீட்டில் அப்பாவிடம் தினமும் அடிவாங்கி, பல இரவுகள் காலி மனையில் படுத்துத் தூங்குபவன். சோஷ்கள் போனிபாயை நீரூற்றுத் தொட்டியில் முக்கி மூச்சுத் திணறவைக்கிறார்கள் என்ற பயத்தில்தான் கத்தியை எடுத்தான். படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் கத்திமேல் ஆசை வராது; ஜானியை நினைத்துத்தான் வயிறு கலங்கும்.

நான் இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறொரு இடம். மேற்குப் பக்கத்துப் பெண் செர்ரி, சினிமா அரங்கில் போனிபாயோடு மனம்விட்டுப் பேசுகிறாள். சூரிய அஸ்தமனத்தை இருவருமே பார்ப்பவர்கள் என்று தெரியவருகிறது. பிரியும்போது அவள் சொல்கிறாள்: பள்ளியில் உன்னைப் பார்த்தும் பேசாமல் போனால் தவறாக எடுத்துக்கொள்ளாதே. அவள் பொய் சொல்லவில்லை. அவள் உலகத்தில் அப்படித்தான் நடக்கும்.

நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு ஆங்கில வழி, ‘ஆ’ பிரிவு தமிழ் வழி. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் ஒன்றாக விளையாடியவர்கள் இப்போது அந்தக் குழாயடியிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இதை இரண்டு ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். அறிவுரை சொல்லிப் பார்த்தேன். வழிபாட்டுக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இரு பிரிவினரையும் நூலகத்தில் ஒன்றாக உட்காரவைத்து இந்தக் கதையைப் படிக்கிறோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, 12 அத்தியாயங்கள், 12 வாரங்கள். ஆங்கில ஆசிரியை ஒரு பத்தி வாசிப்பார். உடனே தமிழில் சொல்வார். செர்ரி வரும் மூன்றாம் அத்தியாயத்தை நானே வந்து படிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் அத்தியாயத்தில் போனிபாயை வழிமறிப்பவர்கள், முடி வெட்டிவிடட்டுமா என்று கேட்டுத்தான் கழுத்தில் கத்தியை வைக்கிறார்கள். நானும் முடி வளர்த்துவரும் மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப் போன ஒருவன் அன்று பள்ளிக்குத் திரும்பவில்லை. சலூனுக்குக் காசில்லை என்று மறுநாள் அவன் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. இனி யாரையும் வாசலிலிருந்து திருப்பி அனுப்பமாட்டோம். முடி பற்றி ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் உங்களிடம் பேசுவோம்.

1983-இல் வந்த இதன் திரைப்படத்தை, கதை முடிந்தபிறகு வேண்டுமானால் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். இப்போதே காட்டிவிட வேண்டாம். இந்த வாசிப்பில் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரத்தில் வேறு புத்தகம் கொடுப்போம்.

ஒரு உதவியும் வேண்டும். அதே முதல் அத்தியாயத்தில், கத்தியோடு வந்தவர்களில் ஒருவன் நீல நிற ‘மெட்ராஸ்’ சட்டை அணிந்திருக்கிறான். நம் சென்னையின் பெயரால் உலகம் அறிந்த கட்டம்போட்ட பருத்தித் துணிதான் அது. 1960-களில் அமெரிக்கப் பணக்கார வீட்டுப் பையன்களின் அடையாளமாக இருந்த துணியை, இங்கே வயலுக்கும் தறிக்கும் போகிறவர்கள் கைலியாகக் கட்டினார்கள். பிள்ளைகள் அதைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் பழைய கட்டம்போட்ட கைத்தறிக் கைலி இருந்தால், வியாழக்கிழமைக்குள் துவைத்துக் கொடுத்தனுப்புங்கள். நீலமாக இருந்தால் மிகவும் நல்லது. திருப்பித் தந்துவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்