பள்ளிப் பட்டறைக்கு ஷெட் போடும் முன், வரைபடம் கேளுங்கள்

கடலூர்க் கரையோரம் இருக்கும் நம் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவினருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும், தலைமை ஆசிரியர் ஐயாவுக்கும் வணக்கம்.

அடிப்படை இயந்திரவியல் பிரிவுக்கு 60 அடிக்கு 120 அடியில் இரும்பு ஷெட் போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். லேத்தும் டிரில்லிங் மெஷினும் ஒரு பழைய வகுப்பறைக்குள் நெருக்கியடித்து நிற்க, பிள்ளைகள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துத் தொழில் கற்கும் நிலை இதோடு முடியட்டும். ஆனால் நீங்கள் ஏறக்குறைய முடிவு செய்து வைத்திருக்கும் கொட்டேஷனைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நானும் இதே பள்ளியில் படித்தவன், இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்து ஷெட் செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறவன். இந்த வேலைக்கு நான் கொட்டேஷன் தரப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கொட்டேஷனில் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று ரேட் இருக்கிறது, ஷீட்டின் நிறம்கூட இருக்கிறது. எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்பது மட்டும் இல்லை. கோவைப் பக்கம் போட்ட ஒரு ஷெட்டின் அளவுகளையே இங்கேயும் தருவதாக எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பயம் அங்கேதான்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, பகுதி 3. அதன்படி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். சென்னை, புதுச்சேரி, நம் கரை எல்லாம் 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2015இல் திருத்திய பதிப்பில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள். புயல் அடிக்கும் கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் கட்டும் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு அந்த வேகத்தை 1.15 ஆல் பெருக்க வேண்டும். மருத்துவமனை, பள்ளி, புயல் பாதுகாப்பு மையம் என்றால் 1.30 ஆல் பெருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு ஊர் சனம் ஒதுங்கும் இடம் பள்ளிக்கூடம் என்பதால்தான் இந்தக் கூடுதல்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50 ஐ 1.30 ஆல் பெருக்கினால் 65. அதை 39 ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள்: கோவை ஷெட் தாங்க வேண்டியதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. உள்ளே நடப்பது பட்டறை வேலைதானே, தொழிற்சாலைக் கணக்கு போதாதா என்று யாராவது கேட்டால், இது பள்ளி வளாகம், பிள்ளைகள் இருக்கும் இடம், 1.30தான் வேண்டும் என்று நீங்கள் நில்லுங்கள்.

ஷெட் என்றாலே கூரை பாரத்தால் கீழே விழுந்துவிடக் கூடாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். புயலில் நடப்பது நேர்மாறு. காற்று கூரையை மேலே உறிஞ்சும். 20 அடிக்கு ஒரு தூண் என்று வைத்தால், அகலத்தில் பாதியான 30 அடியோடு பெருக்க, ஒரு தூணின் தலையில் 600 சதுர அடிக் கூரை. நம் கரையின் வேகத்துக்கு, கூரையின் சொந்த எடையைக் கழித்தாலும், அந்தத் தூணை ஏறத்தாழ 10 டன் மேல்நோக்கி இழுக்கும் என்பது என் கணக்கு. கொட்டேஷனில் ஒரு தூணுக்கு உள்ள அஸ்திவாரக் குழியோ மூன்றுக்கு மூன்று அடி, ஆழம் நாலு அடி. குழி நிறையும்வரை கான்கிரீட் போட்டாலும் எடை இரண்டரை டன் தேறாது. மீதியை எது பிடித்து வைக்கும்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை ஏறியபோது பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நான் அதற்குப் பிறகு பழுது பார்க்கப் போன ஷெட்டுகளில் பார்த்தது ஸ்க்ரூக்களை. ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பான பர்லினில் அவை அசையாமல் அப்படியே இருந்தன, வாஷர்கூடக் கழலவில்லை. ஷீட் மட்டும் ஓட்டையைச் சுற்றிக் கிழிந்து போயிருந்தது. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் அதிகம். அங்கே ஸ்க்ரூவை நெருக்கி அடிக்க வேண்டும், பர்லினையும் நெருக்கிப் போட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி விடுவது வேலைக்குச் சுலபம், கூரைக்கு ஆபத்து. ஷட்டரும் அதே மாதிரிதான். பெரிய ரோலிங் ஷட்டர் ஒன்று புயலில் பிய்ந்து உள்ளே விழுந்தால் காற்று புகுந்து கூரையை உள்ளிருந்தும் தள்ளும். அதனால் ஷட்டரையும் அதே காற்றுக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

அப்புறம் துரு. உப்புக் காற்றில் ஒரு கோட் ரெட் ஆக்சைடு பிரைமர் எத்தனை நாள் நிற்கும்? இரும்பை சாண்ட் பிளாஸ்ட் செய்து, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை நீக்கி, ஜிங்க் எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம் டியூபால் செய்த டியூப் ட்ரஸ் என்றால் டியூபின் முனைகளை மூடி வெல்டிங் வைக்காவிட்டால் உள்ளிருந்தே அரிக்கும், வெளியில் தெரியாது. தூணின் அடித்தகடான பேஸ் பிளேட் தரையோடு தரையாக இல்லாமல், தரைக்கு மேல் எழும்பிய கான்கிரீட் பெடஸ்டல் மேல் உட்கார வேண்டும். இணைப்புகளை சைட்டில் வெல்டிங் வைப்பதைவிட பட்டறையிலேயே ஓட்டை போட்டு வந்து போல்ட் போடுவது நல்லது. நம் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்து எந்த உறுப்பு எதைத் தாங்குகிறது என்று கற்றுக்கொள்ளலாம்.

உள்ளே பாடம் நடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வெறும் ஷீட்டில் ஐப்பசி மழை அடித்தால் வாத்தியார் கத்தினாலும் கேட்காது. ஷீட்டுக்கு அடியில் கிளாஸ் வூல் போட்டால் சத்தமும் குறையும், சித்திரை வெயிலும் குறையும். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வடக்கு ஜன்னலிலிருந்து கண் கூசாத வெளிச்சம் வரும். டியூப்லைட்டை ஒரே ஃபேஸில் போட்டால், அதன் சிமிட்டலில் லேத்தில் சுற்றுகிற சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பாகம்) நிற்பது போலத் தோன்றலாம், பையன் கை வைத்துவிடுவான். விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். வெல்டிங் மூலைக்குத் தனித் தடுப்பும், எதிரெதிரே இரண்டு வாசலும் கட்டாயம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அட்வான்ஸ் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். முதலில் மண் பரிசோதனை செய்து, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இந்த இடத்துக்கென்றே கணக்கும் வரைபடமும் கையெழுத்தோடு வாங்குங்கள். அதை ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் சரிபாருங்கள். பிறகு அதே வரைபடத்தைக் கொடுத்து எல்லோரிடமும் ரேட் கேளுங்கள். இன்றைக்குக் கம்மி ரேட் சொன்னவரே அப்போதும் கம்மியாகச் சொல்லலாம், தாராளமாகக் கொடுங்கள். செலவு கூடித்தான் போகும். பணம் போதாவிட்டால் நீளத்தை 80 அடியாகக் குறையுங்கள், மிச்சத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். குழியையும் இரும்பையும் குறைக்காதீர்கள்.

குழி தோண்டும் நாளையும், கான்கிரீட்டுக்கு முன் ஃபவுண்டேஷன் போல்ட் நிறுத்தும் நாளையும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளியின் பழைய மாணவன்