மைக் வாங்கும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில் பற்றிப் பாட்காஸ்ட் (இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி) தொடங்க நினைக்கும் நம் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் முதலில் மைக்கைத்தான் வாங்கினார். பதிவில் பேச்சைவிடச் சுத்தியல் சத்தம்தான் அதிகம், மூன்றாவது வாரமே பேச விஷயமில்லாமல் நின்றுபோனது. எனக்கு அது பெரிய வருத்தம், தொழிலைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரியும்!

யார் கேட்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கொலுசு வாங்கும் கடைக்காரர் என்றால் தரம், கூலி, சேதாரம் பற்றிப் பேச வேண்டும், புதிதாகப் பட்டறை போடும் பையன் என்றால் முதலீடு, கடன், ஆள் கிடைக்காத கஷ்டம். அப்புறம் பத்துத் தலைப்பு எழுதி, நான்கைப் பதிவுசெய்து கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால், தீபாவளி ஆர்டர் நெருக்கும் வாரத்திலும் நிகழ்ச்சி நிற்காது.

– ஒரு வாசகர், சேலம்