அங்கேயும் அது மேசைதான்

அன்புள்ள கண்ணு,

நேற்று சாயங்காலம் நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மா "ஆ லா மேசா!" என்று கூப்பிட்டார். சாப்பிட வரச்சொல்லி மேசைக்குக் கூப்பிடுகிறார் என்றாய். போர்ச்சுக்கீசியர் நமக்கு விட்டுப்போன மேசையும் அலமாரியும் ஸ்பெயினில் உன் சலமான்கா வீட்டில் மேசா, அர்மாரியோ என்று நிற்கின்றன. அதைக் கேட்டதும் நீ பக்கத்துத் தெருவில் இருப்பதுபோல் மனசு லேசாகிவிட்டது.

ஆனால் அவருக்கு நீ "ஃபைவ் மினிட்ஸ்" என்று இங்கிலீஷில்தான் பதில் சொன்னாய். கேட்டால், "தப்பாப் பேசினா சிரிப்பாங்கம்மா" என்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமாகி பெங்களூர் போன புதிதில் எனக்கும் இதே பயம். காய்க்கடையில் விரலை நீட்டித்தான் வாங்குவேன். எதிர்வீட்டுப் பாட்டி தினமும் வாசல் தெளித்துக்கொண்டே "ஊட்டா ஆய்தா?" என்று கேட்பார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆறு வருஷம் கண்ணு. அவர் தவறிப்போன அன்றைக்குத்தான் உறைத்தது, ஒருநாள்கூட "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. இன்றைக்கும் அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

நீ வைத்துவிட்டுப் போன பழைய ஸ்பானிஷ் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்' என்று அர்த்தமாமே! 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாம், விகுதியே காட்டிவிடும், நம் தமிழ் மாதிரி. 'மஞானா'வில் வருவது நம் ஞாயிற்றின் ஞ. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். சின்ன வயசில் ரகர றகரத்துக்கு உன்னிடம் எவ்வளவு மல்லுக்கட்டினேன், அது இப்போது உதவட்டும். நீ, நீங்கள் போல அங்கே தூ, உஸ்தேத். பெரியவரிடம் உஸ்தேத் என்றே ஆரம்பி. தூ போதும் என்று அவராகச் சொன்னால் சரி.

நீ இருப்பதும் லேசுப்பட்ட ஊரா? பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. அங்கேயே படித்து அங்கேயே பாடம் சொன்ன நெப்ரிஹா, காஸ்டிலியம் என்கிற ஸ்பானிஷ் மொழிக்கு எழுதிய இலக்கணம் 1492 ஆகஸ்டில் அந்த ஊரில்தான் அச்சானது. கொலம்பஸ் அந்த மாதம்தான் கடற்பயணம் கிளம்பியிருந்தார். பட்டம் வாங்கியவர்களின் பெயரைச் சிவப்பில் எழுதிவைத்த சுவர்களை நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, சாயங்கால வெயிலில் அந்தக் கல் மஞ்சள் பூசிக் குளித்த முகம்போல் இருந்தது. எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அப்புறம் அந்தத் தவளை. பல்கலைக்கழக முகப்பில், மண்டையோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறதாமே, யாரும் காட்டாமல் கண்டுபிடித்தால் பரீட்சையில் பாஸ் என்பார்களாமே? தேடிப் பார். கிடைக்காவிட்டால், வழியில் போகிற யாரையாவது நிறுத்தி "ரானா எங்கே?" என்று அவர்கள் பாஷையிலேயே கேள். பலிக்காது என்பார்கள், பரவாயில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

நாளை மதியம் அந்த அம்மா கூப்பிடும்போது, உட்காருவதற்கு முன்னால் "யா ஆ கொமீதோ?" என்று கேள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று. என்ன சொன்னார் என்று ராத்திரியே எனக்குச் சொல். எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அம்மா